செட்டிநாட்டு வளவை மேசை மேல் கட்டுவது: கேள்வி பதில்

ஆறு ஆண்டுகளாக வீட்டு உட்புறங்களைக் குட்டி மாதிரிகளாகக் கட்டி வருகிறேன். இப்போது மேசையில் இருப்பது காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), அதை ஒட்டிய கூடமும். படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

அண்ணா, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த அளவில் செய்வது?

1:12. தயங்கவே வேண்டாம். நம் பழைய வீடுகள் அடிக்கணக்கில் கட்டியவை. நிஜத்தில் ஓர் அடி இருந்தால் மாதிரியில் ஓர் அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. புது டில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் 1921-24இல் பிரிட்டனின் மேரி அரசிக்காகக் கட்டிய பொம்மை வீடும் இந்த அளவுதான். அதை இன்றும் விண்ட்சர் கோட்டையில் பார்க்கலாம். சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் தோர்ன் அறைகள் எனும் குட்டி அறை மாதிரிகள் 68ம் இதே அளவுதான்.

மரம் வாங்கும் முன் ஒரு டேப் வாங்குங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பையில் அது இருக்கட்டும். நாற்காலி இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் என்றால் மாதிரியில் ஒன்றரை அங்குலம். சுவர் உயரம் கொஞ்சம் தப்பினால் யாருக்கும் தெரியாது. நாற்காலி, படிக்கட்டு, கதவின் கைப்பிடி என்று உடம்பு பழகிய பொருள்களில் தப்பினால் பார்த்ததுமே உறுத்தும்.

ஆத்தங்குடித் தரையை எப்படிச் செய்தீர்கள்? நிஜக் கல்லா?

ஆத்தங்குடி என்பது காரைக்குடிப் பக்கத்து ஊர், அங்கே செய்யும் வண்ணத் தரைக்கல்லைத்தான் கேட்கிறீர்கள். என் மாதிரியில் அது காகிதம்தான். ஆனால் அதற்கு இரண்டு முறை தோற்றேன். முதல் தடவை முழுத் தரையையும் ஒரே தாளில் அச்சடித்து ஒட்டினேன். பிளாஸ்டிக் விரிப்பு போட்டது போல இருந்தது, பிய்த்துவிட்டேன். இரண்டாம் தடவை இங்க்ஜெட் அச்சின் மேல் தண்ணீர் கலந்த வார்னிஷைப் பூசினேன். சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கரைந்து ஓடிவிட்டன.

இப்போது செய்வது இப்படி. கல்லுக்கு நேர் மேலே நின்று படம் எடுத்து, 8 அங்குலக் கல்லை 17 மி.மீ. சதுரமாகக் குறைத்து, லேசர் பிரின்டரில் எடுக்கிறேன். ஒரே படத்தைக் கொஞ்சம் வெளிர், நடுத்தரம், கொஞ்சம் அழுத்தம் என மூன்று சாயல்களில் அச்சடித்துக் கலந்து கொள்கிறேன். கெட்டி அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு கல்லாக வெட்டி, ஓரத்தில் தெரியும் வெள்ளையைப் பென்சிலால் கருக்கிவிட்டு, தனித்தனியாகப் பதிக்கிறேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்துக்கு 324 கல். ஆம், எண்ணித்தான் வெட்டினேன்.

கடைசி வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சிமென்ட்டையும் வண்ணத்தையும் ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. கால் பட்டுப் பட்டு அது பளபளப்பாகும். ஆகவே வாசலிலிருந்து அடுப்படிக்கு நடக்கும் வழியில் மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாக வார்னிஷ் கொடுத்தேன். மூலைகள் மங்கலாகவே இருக்கின்றன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வீட்டில் மனிதர்கள் நடந்த பாதை தெரியும்.

தூண்களுக்குப் பால்சா மரம் சரிவருமா?

வராது. விரல் பட்டாலே பள்ளம் விழும். ரேகையும் பெரிது. ரேகைதான் மாதிரியின் முதல் எதிரி: நிஜத் தேக்கையே எடுத்தால்கூட அதன் கோடுகள் இந்த அளவுக்கு மிகப் பெரியவை. நெருக்கமான ரேகையுள்ள வெளிர் மரத்தை எடுத்துத் தேக்கு நிறம் ஏற்றுங்கள். ஒட்டும் முன்பே நிறம் ஏற்றிவிட வேண்டும்; பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

கடைசல் இயந்திரம் வேண்டாம். துளைபோடும் டிரில்லை மேசையோடு இறுக்கி, அதில் உருட்டுக் குச்சியை மாட்டிச் சுழலவிட்டு, அரமும் உப்புத்தாளும் கொண்டு கடையலாம். கண்ணாடி அணிந்து கொள்ளுங்கள். 10 அங்குலக் குச்சி சுழலும்போது துள்ளும். மூன்று துண்டாகக் கடைந்து, வளையம் வரும் இடத்தில் இணைப்பை ஒளித்துவிடலாம்.

ஊஞ்சல் செய்தேன் சார். கவரிங் சங்கிலி போட்டும் நேராகத் தொங்கவில்லை, கோணல்மாணலாக நிற்கிறது.

சங்கிலியில் குறை இல்லை, பலகை போதிய எடை இல்லாமல் இருக்கிறது. நீளம், அகலம், கனம் மூன்றுமே 12இல் ஒரு பங்கு ஆகும்போது, எடை 1728இல் ஒரு பங்காகிவிடும். சங்கிலியை இழுத்துப் பிடிக்க அது போதாது. பலகையை இரண்டு ஏடாகச் செய்து நடுவில் ஈயத்தகடோ இரும்புத்தகடோ வைத்து ஒட்டுங்கள். மாதிரியில் கொடியில் போடும் குட்டிச் சேலை விறைத்து நிற்பதற்கும் இதுதான் காரணம். பழைய மல்மல் துணியை, தண்ணீர் விட்ட பெவிகாலில் நனைத்து, மடிப்பைக் கையால் அமைத்துக் காயவிடுங்கள்.

சன்னல் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டதே?

சூப்பர் க்ளூவின் ஆவி படிந்திருக்கிறது. கண்ணாடித் தாளுக்குப் பெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. இன்னொன்று: சிந்திய சூப்பர் க்ளூவைப் பஞ்சால் துடைக்கவே துடைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கை பொசுங்கும் அளவுக்குச் சூடேறும்.

நான் 1:87 ரயில் பெட்டிகள் செய்பவன். உள்ளே எவ்வளவு விவரம் வேண்டும், அண்ணே?

சன்னல் வழியே தெரிவது மட்டும், தம்பி. இருக்கை உயரமே 5 மி.மீ.தான் வரும். ஸ்லீப்பர் பெட்டி என்றால் நீலப் படுக்கைகளின் வரிசையும் நிறமும் சரியாக இருக்கட்டும். நடுப்படுக்கை ஒன்றிரண்டை மடக்கியும் சிலவற்றை விரித்தும் வையுங்கள். பயணம் நடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

விளக்கு?

வார்ம் ஒயிட் எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரி, விளக்குக்கு ஒன்றாக 330 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்). கூரையைத் திறந்து மூடும்படி வையுங்கள். ஒரு நாள் கம்பி விடும்.

அக்கா வீட்டுக் கொலுவுக்காக ஒரு கூடம் செய்தேன். எல்லா அளவும் சரிதான், ஆனாலும் கடைப் பொருள் போல இருக்கிறது. என்ன குறை?

படத்தைப் பார்த்தேன், வேலை சுத்தம். சுவரில் மாட்டிய சாமி படங்களை மட்டும் கழற்றுங்கள். சுவரோடு அப்பி ஒட்டியிருக்கிறீர்கள். பழைய வீட்டில் படம் அப்படி இருக்காது. உயரத்தில், நம்மைக் குனிந்து பார்ப்பது போல முன்சாய்ந்து இருக்கும். மேல் விளிம்புக்குப் பின்னால் தீக்குச்சித் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுங்கள். கீழ் விளிம்பு சுவரைத் தொடட்டும். ஒரு படத்தை மட்டும் நூலளவு கோணலாக விடுங்கள். ஆணி அடித்த இடத்திலிருந்து இரண்டு கயிறு முக்கோணமாக இறங்க வேண்டும், அதற்குக் கறுப்புத் தையல் நூல் போதும். மாட்டிய பிறகு விளக்கை மேலிருந்து போட்டுப் பாருங்கள்: படத்துக்குக் கீழே சுவரில் ஒரு நிழல் விழும்.