எல்லா போல்ட்டையும் எவர்சில்வர் ஆக்கலாமா? கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பைக்கைத் துடைக்கும்போதுதான் போல்ட் தலையில் துரு கண்ணில் படும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான். பட்டறைக்காரனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, என் வண்டிக்கு முழு எஸ்.எஸ். (எவர்சில்வர்) போல்ட் செட் ஆன்லைனில் கிடைக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம் தம்பி. துருப் பிடிக்காது என்பதால் அது பலமானது என்று ஆகிவிடாது. கம்பெனி போல்ட்டின் தலையைப் பாருங்கள், 8.8 அல்லது 10.9 என்று இருக்கும். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவிசை வரை அறாது. ஆனால் 640-ஐத் தாண்டினாலே நீண்டுபோய், பழைய அளவுக்குத் திரும்பாது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ். போல்ட்டில் ஏ2-70 என்று போட்டிருக்கும். அது 700-இல் அறும். கேட்க ஏறக்குறைய சமம்போலத் தெரியும். ஆனால் நீள ஆரம்பிப்பது 450-இலேயே. நீண்ட போல்ட் இறுக்கத்தை இழக்கும், இறுக்கம் இழந்தது ஆட ஆரம்பிக்கும், ஆடுவது ஒருநாள் அறுந்து விழும்.

அதனால் பிரேக் காலிப்பர், டிஸ்க், வீல் ஆக்ஸில், ஃபோர்க் கிளாம்ப், ஹேண்டில்பார் கிளாம்ப், எஞ்சின் மவுண்ட் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே கம்பெனி போல்ட்தான். மட்கார்டு, நம்பர் பிளேட், ஹெட்லைட், சைடு பேனல், எஞ்சின் கவர் இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். கண்ணுக்குத் தெரிகிற பளபளப்பு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

பள்ளத்தூர்: அப்பச்சி வைத்திருந்த பழைய புல்லட். எட்டு எம்.எம். எஸ்.எஸ். போல்ட் இரண்டு சுற்று உள்ளே போகிறது, அப்புறம் இறுகுகிறது. ஸ்பேனர் போட்டு முறுக்கலாமா?

உடனே நிறுத்துங்கள். பழைய புல்லட்டில் பல இடங்களில் இருப்பது பிரிட்டிஷ் அங்குல மரை (திருகுச் சுற்று). 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 எம்.எம்., உங்கள் கையில் இருப்பது 8. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பி.எஸ்.எஃப். என்ற அந்தப் பிரிட்டிஷ் மரையில் ஓர் அங்குலத்துக்கு 22 சுற்று, மெட்ரிக்கில், அதாவது எம்.எம். போல்ட்டில், இருபதுக்குக் கொஞ்சம் மேலே. முறுக்க முறுக்க அது வழியில் இருக்கும் மரையையெல்லாம் செதுக்கிக்கொண்டே போகும். இரும்பாக இருந்தால் தடுக்கும், அலுமினியம் தடுக்காது, தூளாக வந்துவிடும்.

மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை சொற்பம். எஸ்.எஸ்.ஸில் அங்குல மரை வேண்டுமென்றால் லேத்தில் கடைந்துதான் ஆக வேண்டும். ஸ்பேனரும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் வேண்டும். மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் தலையின் மூலை உருண்டுபோகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய இரும்புச் சாமான்களைக் கிளறிப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மாட்டும்.

புதுவயல்: அலுமினியத்தில் எஸ்.எஸ். போட்டால் அரிக்கும் என்கிறார்களே?

உண்மைதான். இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம். பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். போல்ட்டைக் கழற்றும்போது வெள்ளைப் பொடி கொட்டுகிறதே, அதுதான். ஆனால் பயந்து ஓட வேண்டாம். சின்ன போல்ட், பெரிய அலுமினிய உடம்பு என்பதால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். அதையே திருப்பி, பெரிய எஸ்.எஸ். தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரம் போய்விடும்.

இங்கே உள்ளூரில் ஓடும் வண்டிக்கு மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவினால் போதும். தொண்டி, மீமிசல் என்று கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஏ4 வகை வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, மறுபடி தடவி மாட்டவும் வேண்டும். இந்த விஷயத்தையே ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, போல்ட்டுக்கு ஒரு துளி கிரீஸ் தடவாமல் மாட்டுகிறோம்!

கானாடுகாத்தான்: எஸ்.எஸ். வேண்டாம், பழைய போல்ட்டுகளுக்கே குரோம் முலாம் பூசிக்கொள்கிறேன். சரிதானே?

மட்கார்டு போல்ட் என்றால் சரி. பலமான போல்ட் என்றால் ஆபத்து. முலாம் பூசுவதற்கு முன் ஆசிடில் முக்குவார்கள். அப்போதும், முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் நுழையும். 10.9, 12.9 போன்ற கடினமான இரும்பை அது நொறுங்க வைத்துவிடும். முறுக்கி வைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ முன்னறிவிப்பே இல்லாமல் தலை தெறிக்கும். இதைத் தடுக்க, பூசிய கையோடு 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டுக் கதவுப் பிடிக்கு முலாம் பூசுகிற பட்டறையில் அந்த அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, பளபளப்பு குரோமுடையது என்றாலும் துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல். நிக்கல் மெலிதாக இருந்தால் ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப்பார்க்கும். மரையிலும் முலாம் ஏறினால் நட் போகாது. தலைக்கு மட்டும் பூசச் சொல்லுங்கள்.

தேவகோட்டை: எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட் பாதி வழியில் அப்படியே பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அறுத்து எடுங்கள், வேறு வழியில்லை. எஸ்.எஸ்.மேல் எஸ்.எஸ். வேகமாக உரசினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மின் ஸ்பேனர் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பேஸ்ட் தடவி, கையால், மெதுவாக.

அதே தேவகோட்டைக்காரர்: பேஸ்ட் தடவினால் டார்க் (முறுக்கும் விசை) அளவு மாறுமா?

மாறும். வழுக்குவதால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். கால் பங்கு குறைத்து வையுங்கள். ஆறு எம்.எம். போல்ட்டுக்குப் புத்தகத்தில் 10 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால் ஏழரை போதும்.

கோட்டையூர்: யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கின் எஞ்சின் கவர் ஸ்க்ரூ எல்லாம் தலை தேய்ந்துவிட்டது. ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போடலாமா?

போடுங்கள், அந்த வண்டிக்கு இதைவிட உருப்படியான மாற்றம் இல்லை. பழைய ஸ்க்ரூவின் தலையில் இருப்பது ஜப்பான் அளவுக் கூட்டல் குறிப் பள்ளம். நம் சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இம்பாக்ட் டிரைவரை (சுத்தியால் அடித்தால் சுழலும் திருப்புளி) வைத்து ஒரு தட்டு தட்டிக் கழற்றுங்கள். கவரில் ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அட்டையில் கவரை வரைந்து, கழற்றியதை அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானது தவறான ஓட்டையில் போனால் அடி முட்டி எஞ்சின் கேஸை விரிசல் விட்டுவிடும்.

கண்டனூர்: எஸ்.எஸ். என்று வாங்கினேன், காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

லேசாக இழுத்தால் கவலை வேண்டாம், குளிர்நிலையில் அடித்து உருவாக்கும்போது அப்படி ஆவது உண்டு. டக்கென்று கவ்விக்கொண்டால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்புதான். தலையில் ஏ2-70 என்றோ ஏ4-70 என்றோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நம்பர் பிளேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.