பல் பிடுங்கப் போகுமுன் பயத்துக்கு மாத்திரை போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பி.பி., சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் ஊசி சரியாக மரக்காமலே பல்லை எடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து பல் ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். மெடிக்கல் ஷாப்பில் சொன்னபோது, தெரிந்தவர் என்பதால் ஆல்பிரசோலம் 0.5 இரண்டு மாத்திரை கொடுத்து, 'ஒன்றைப் போட்டுக் கூட்டிப் போங்க, பயமே தெரியாது' என்றார். கொடுக்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: கொடுக்காதீர்கள். மாத்திரை விஷம் என்பதால் அல்ல. உங்கள் அம்மாவின் பயத்துக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் பயப்படுவது வலிக்கு. ஆல்பிரசோலம், அந்தக் காலத்தில் எல்லாரும் காம்போஸ் என்று சொன்ன டயசிபாம், இவையெல்லாம் பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் வரவைக்கும். ஈறை மரக்கவைக்காது. மரக்கவைப்பது லிக்னோகெயின் ஊசிதான். அன்றைக்கு அது ஏன் வேலை செய்யவில்லை? பல்லடியில் சீழ் பிடித்திருந்தால் அந்த இடம் புளிப்பேறிக் கிடக்கும். அங்கே மரக்கும் மருந்து சரியாக ஏறாது. பல நேரம் இதுதான் காரணம். முதலில் சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு எடுத்திருக்க வேண்டும். அல்லது நரம்பின் வேரிலேயே மரக்கவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் எடுத்தார்கள், பத்து வருடப் பயத்தை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆகவே இந்தக் கதையை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசிக்கு முன் ஈறில் ஜெல் தடவச் சொல்லுங்கள். மரத்துவிட்டதா என்று குத்திப் பார்த்த பிறகே பல்லைத் தொட வேண்டும். வலித்தால் அம்மா இடது கையைத் தூக்குவார், உடனே நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கை தூக்கினால் நிற்பார்கள் என்று தெரிந்தாலே பலருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது.

மெடிக்கல் ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாத்திரை உங்கள் கைக்கு எப்படி வந்தது? அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு வந்திருக்கும். பெயர் பாதி, காலாவதித் தேதி காணோம், சிவப்புக் கட்டத்துக்குள் அச்சடித்த எச்சரிக்கை கடையிலேயே தங்கிவிட்டது. ஆல்பிரசோலம் எச்-1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 2014 மார்ச்சிலிருந்து டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ரிஜிஸ்டர் இருக்கும், 'தெரிந்தவர்கள்' அதில் ஏற மாட்டார்கள். சோதனைக்கு வருபவரும் எழுதியதைத்தான் பார்ப்பார், எழுதாததை எங்கே பார்க்கப் போகிறார்?

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா இப்படித்தான் வந்தார். பல் பிடுங்க வெறும் வயிறாகப் போக வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சாப்பிடவில்லை; சுகர் மாத்திரையைப் போட்டிருந்தார், கூடவே கடையில் வாங்கிய தூக்க மாத்திரையும். நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு குழறியது. மாத்திரை மயக்கமா, சுகர் இறங்கிவிட்டதா? விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52. 'தூங்கட்டும்' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! குளுக்கோஸ் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்தும் வாங்க முடியாது. சாதாரண மரப்பு ஊசிக்கு உங்கள் அம்மா வழக்கம்போலச் சாப்பிட்டு, தன் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்து, தினமும் இரவு இதே வகை மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டுப் பல் பிடுங்கும் நாளுக்காக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். மறுபடியும் சொல்கிறேன்: எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விட வேண்டாம். பல் டாக்டரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லிவிடுங்கள், அட்டையோடு காட்டினால் இன்னும் நல்லது. பிடுங்கிய பிறகு வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை எழுதும் வழக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

இத்தனைக்கும் பிறகு அம்மாவின் பயம் அடங்கவில்லையென்றால் மயக்கச் சிகிச்சை இருக்கிறது. மூக்கில் வைக்கும் சிரிப்பு வாயு சில இடங்களில் கிடைக்கும், நிறுத்திய சில நிமிடத்தில் தெளிந்துவிடும். ரத்தக்குழாயில் ஏற்றும் மிடசோலம் என்ற மயக்க மருந்து வேறு ரகம். அதற்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது, சுகர் மாத்திரையை என்ன செய்வது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். இலவச முகாம் நடத்தி, 'தூங்கிக்கொண்டே பல் வைத்தியம், ஒரே பேக்கேஜ்' என்று ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் இதைத்தான் விற்கிறார்கள். அவர்களிடம் பேசாதீர்கள், நேரே கிளினிக்கில் கேளுங்கள்: பல் எடுக்கிறவர் பல்லைப் பார்ப்பார், அம்மாவின் மூச்சை யார் பார்ப்பார்கள்? மயக்க மருத்துவர் உண்டா, ஆக்சிஜன் சிலிண்டரும் விரலில் மாட்டும் கருவியும் அறைக்குள்ளேயே இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கவரில் இருக்கும் அந்த இரண்டு மாத்திரை வீட்டுக் குழந்தைகள் கையில் சிக்காமல் இருக்கட்டும். பல் டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.