மூடியைக் கழற்றும் முன்னால்: ஒரு மெக்கானிக் தம்பிக்குப் பதில்

ஐடிஐ முடித்து ஒரு வருஷமாகத் தனியாக ரிப்பேர் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் பாடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் எரிகிறது, பாடிக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வைத்தால் 110 வோல்ட் காட்டுகிறது. மோட்டார் போயிருக்கும் என்று சொல்லி, அதுவரை செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லி வந்துவிட்டேன். சரியாகச் சொன்னேனா? எதையெல்லாம் கரண்டில் வைத்துப் பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது?"

தம்பி, மீதியைப் படிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டு மெஷின் பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். ஈரத் தரையில் ஈரக் கையோடு துணி அள்ளுகிற இடம் அது, நனைந்த செருப்பு எதையும் தடுக்காது.

சரி, இப்போது அந்த 110 வோல்ட். மெஷினுக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள், ஒன்று பேஸிலிருந்து பாடிக்கும் இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கும் போகும். எர்த் ஒழுங்காக இருந்தால் அதில் கசிகிற துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாத வீட்டில் பாடி அந்தரத்தில் நிற்கும், 230-இல் பாதியாக 115 வோல்ட் அளவுக்குக் காட்டும். நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான், மோட்டாரை மாற்றினாலும் அந்த ஷாக் அப்படியே இருக்கும்.

அதற்காக மெஷின் நல்ல மெஷின் என்றும் உடனே சொல்லிவிடக் கூடாது. எர்த்தும் இல்லாமல், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் கசிய ஆரம்பித்தால் பாடி முழு 230 வோல்ட் வரைக்கும் ஏறலாம். ஆகவே பிளக் வெளியே இருக்கும்போதே பிளக்கின் எர்த் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள், ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் ஹீட்டர், மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் பாடிக்கு எதிராக 500 வோல்ட் மெக்கரில், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டரில் பாருங்கள். மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு இணைப்பில் இருக்கும்போது மெக்கர் போட்டால் போர்டு போய்விடும். மல்டிமீட்டர் ஓம் ரேஞ்சில் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது, ஈரம் ஏறிய இன்சுலேஷன் அதற்கு நல்லதாகவே தெரியும். மெக்கர் இல்லாமல் 'லீக்கேஜ் இல்லை' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா பார்க்க, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்ப் வைப்பது நம்மாட்கள் வழக்கம். அந்த வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச், இருந்தால் அது ட்ரிப் ஆகும், எர்த் இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு தகவல். ஆனால் எர்த் ஒயர் எங்கோ அறுந்து கிடந்தால், அந்த பல்ப் வழியாகப் பேஸ் ஏறி, அதே எர்த் ஒயரில் இருக்கிற பிரிட்ஜ், கிரைண்டர் பாடியெல்லாம் லைவ் ஆகிவிடும். சமையலறையில் ஒருவர் பிரிட்ஜைத் திறந்துகொண்டிருப்பார், நீங்கள் ஹாலில் பல்ப் எரியவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மற்ற பிளக்குகளைக் கழற்றி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே, அதுவும் ஓரிரு விநாடி மட்டும் வைக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஆபத்து அதிகம் இருப்பது பழுதைக் கண்டுபிடிக்கிற நேரத்தில்தான் என்பது என் அனுபவம். பார்ட் மாற்றும்போது எல்லோரும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். கண்டுபிடிக்கும்போதுதான் மூடியும் திறந்திருக்கிறது, கரண்டும் இருக்கிறது, பக்கத்தில் நின்று வீட்டுக்காரர் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால், கரண்ட் இல்லாமலே இதற்குப் பதில் கிடைக்குமா என்று யோசியுங்கள். காயில், ஹீட்டர், தெர்மோஸ்டாட், சுவிட்ச், கெப்பாசிட்டர் மதிப்பு எல்லாம் கரண்ட் இல்லாமல் பார்க்கிறவைதான். ஒரு பார்ட்டுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா என்பதற்கு மட்டும்தான் கரண்ட் வேண்டும். அதற்கும் பிளக்கைக் கழற்றி, மீட்டர் ஒயரைக் கிளிப்பில் மாட்டி, கையை வெளியே எடுத்த பிறகு பிளக்கைப் போட்டு, படித்து, மறுபடி கழற்றிவிடுங்கள்.

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். நியூட்ரல் அறுந்த சாக்கெட்டில் மெஷின் சுவிட்ச் போட்டிருந்தால் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், சப்ளை இருக்கிறது என்று நினைத்து போர்டு போச்சு என்று சொல்லிவிடுவோம். டிஜிட்டல் மீட்டரும் அறுந்த ஒயரில் 60, 80 வோல்ட் என்று பொய்க் கணக்குக் காட்டும், ஒரு பல்பை லோடாக வைத்தால் அது காணாமல் போகும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே லைனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

சீரீஸ் லாம்ப், அதாவது மெஷினுக்குப் போகிற கரண்ட் ஒரு பல்ப் வழியாகவே போகும்படி இணைப்பது, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதுகாப்பு என்றே பல பேர் நம்புகிறார்கள். 100 வாட் பல்ப் சீரீஸில் இருந்தால், மெஷின் ஷார்ட்டாக இருந்தாலும் சுமார் 0.4 ஆம்பியருக்கு மேல் போகாது, மெஷின் தப்பிக்கும். ஆனால் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரிலேயே ட்ரிப் ஆகிற மாதிரி வைத்திருப்பது, அதற்கு மேல் நெஞ்சு வழியாகப் போனால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான். 0.4 ஆம்பியர் என்பது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒரு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கிற சுவிட்ச்), சீரீஸ் பல்ப், பல்ப் இல்லாத நேர் சாக்கெட் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு நீங்களே டெஸ்ட் போர்டு செய்துகொள்ளுங்கள், போகிற வீடெல்லாம் கூடவே வரட்டும். பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையில் பிடித்தால் ஆர்சிசிபியும் காப்பாற்றாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தொடவே கூடாதது எது என்று கேட்டீர்கள். மைக்ரோவேவ். உள்ளே மேக்னட்ரானுக்கு, அதாவது மைக்ரோவேவ் அலையை உண்டாக்குகிற பார்ட்டுக்கு, 4,000 வோல்ட் அளவுக்குப் போகிறது, டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது உங்கள் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. கெப்பாசிட்டருக்குள் சார்ஜை வடிக்கிற ரெசிஸ்டர் உண்டு, அது அறுந்திருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகும் சார்ஜ் நிற்கும். தெரிந்த ஒருவரோடு பலமுறை நின்று பார்க்கும்வரை அதன் மூடியைக் கழற்றாதீர்கள். இன்வெர்ட்டர் ஏசி போர்டில் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்குக் குறையாமல் டிசி நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதை விட்டுவிடுங்கள். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இன்சுலேட்டட் கிளிப் ஒயர் போட்டு வைத்துக்கொண்டு, அரை நிமிஷத்துக்கு மேல் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் இன்னும் நேரம் கொடுங்கள்.

பிரிட்ஜில் கம்ப்ரஸர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுவாலை படம் இருந்தால் உள்ளே இருப்பது எரிகிற வாயு, பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸுக்கு நாற்றம் சேர்த்திருப்பார்கள், இதற்கு அது கிடையாது. காற்றில் 1.8 சதவீதம் கலந்தாலே பற்றும். காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். பிரீசரில் கத்தியால் ஐஸைச் சுரண்டினோம், அதற்கப்புறம் கூலிங் இல்லை என்று சொன்னால், பிரிட்ஜ் பக்கத்தில் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைக்கச் சொல்லி, வெளியே இருக்கிற எம்சிபியில் கரண்டை நிறுத்துங்கள். நெருப்பு டார்ச் வைத்து டியூபை வெட்டுகிற பழைய பழக்கம் இதில் கூடவே கூடாது.

தப்பாகச் சொன்னால் வருகிற இன்னொரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், மேலே பிரீசர் ஓரளவு கூலாக இருக்கிறது, கீழே காய்கறி வாடுகிறது என்றார்கள். ஐந்து நிமிஷத்தில் கேஸ் குறைவு என்று சொல்லி கேஸ் ஏற்றிப் பணமும் வாங்கிவிட்டேன். மூன்றே வாரத்தில் அதே கதை. பிரீசருக்குள் பின்பக்க பேனலைக் கழற்றினால் காயில் முழுக்கக் கட்டிப் பனி, ஃபேன் இறக்கை வரைக்கும் ஏறியிருந்தது. பனியை உருக்குகிற டிஃப்ராஸ்ட் ஹீட்டர் அறுந்திருந்தது, இரண்டு திருகு கழற்றி ஓம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, 'நீங்க சொன்னதை நம்பித்தானேப்பா கொடுத்தேன்' என்றார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து ஹீட்டரும் மாற்றிக் கொடுத்தேன், அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து மூடியைக் கழற்றும் முன் சப்ளை வோல்ட்டேஜ், மெஷின் இருக்கிற நிலை இரண்டையும் வீட்டுக்காரர் முன்னாலேயே பார்த்து போட்டோ எடுத்துவிடுவேன். இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகுதான் கெட்டது என்று ஆகிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு கூலி என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், அது இருந்தால்தான் அவசரப்பட்டு ஏதோ ஒரு பார்ட் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு வராது. பில்லில் மீட்டரில் கண்டதை ஒரு வரியாகவும் என் சந்தேகத்தைத் தனி வரியாகவும் எழுதுவேன். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகும்போது 'எர்த் இல்லை, ஹீட்டர் இன்சுலேஷன் இத்தனை மெகா ஓம்' என்று எழுதிக் கொடுங்கள். மோட்டார் என்று முன்பு சொன்னது தப்பு என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.