கேமராவுக்குக் கீழே ஒரு புகார்ப் பெட்டி

கேள்வி: என் மகள் செம்பூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டிலிருந்து எல்லா வகுப்பறையிலும் கேமரா, பேச்சும் பதிவாகிறது. மாதத்துக்கு இரண்டு முறை, மொபைல் இருக்கிறதா என்று பார்க்க, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பையைக் கொட்டிக் காட்டச் சொல்கிறார்கள். போன வாரம், இடைவேளையில் ஒரு டீச்சரைப் பற்றித் தோழியிடம் அவள் பேசியது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று அழைத்து விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. என் கணவரோ, "பத்லாபூரை மறந்துவிட்டாயா? பாதுகாப்பு வேண்டுமென்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்கிறார். அட்மிஷன் படிவத்தில் இதற்கெல்லாம் சம்மதம் என்று நாங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: உங்கள் மகளின் அழுகைதான் சரி. கணவரின் பயத்தில் தவறில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் தேடிய மருந்து தவறானது.

பத்லாபூரை மறக்கக் கூடாது. மறக்காமல் இருப்பதென்றால், அங்கே என்ன நடந்தது என்பதை முழுதாக நினைவில் வைத்திருப்பது. 2024 ஆகஸ்டில், மும்பைக்கு அருகே பத்லாபூரில் ஒரு பள்ளியில், மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவரிடம் துப்புரவு வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆண் ஒருவர் பாலியல் கொடுமை செய்தார் என்பது வழக்கு. அந்தப் பள்ளியில் கேமரா இல்லாமல் இல்லை. பதினைந்து நாள் பதிவைக் காணவில்லை என்று அன்றைய கல்வி அமைச்சரே சொன்னார். சிறுமிகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகப் பெண் உதவியாளர் இல்லை. புகார் கொடுக்கப் போன பெற்றோரைக் காவல் நிலையம் மணிக்கணக்கில் காக்க வைத்தது. ஆகஸ்ட் 20 அன்று மக்கள் பத்லாபூரில் தண்டவாளத்தில் இறங்கி நின்றார்கள். பக்கத்து ஊரான அம்பர்நாத்துக்கு அப்பால் ரயில் ஓடவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, பள்ளி நிர்வாகம் ஏன் உடனே புகார் செய்யவில்லை என்று கேட்டது.

சரி, விஷயம் எப்படி வெளியே வந்தது? எந்தக் கேமராவும் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. வலிக்கிறது என்று ஒரு குழந்தை வீட்டில் சொன்னது. பெரியவர்கள் அதைக் காதில் வாங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது. இன்றுவரை பள்ளியில் நடக்கும் கொடுமைகள் பெரும்பாலும் இப்படித்தான் தெரிய வருகின்றன. பிள்ளை வாய் திறந்தால்தான் உண்டு. அதனால் ஒரு பள்ளியின் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கிறதா, மூட வைக்கிறதா?

உங்கள் மகளின் பள்ளி மூட வைத்திருக்கிறது. ஒரு டீச்சரைப் பற்றித் தோழியிடம் என்ன பேசினாளோ, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. வெறும் அரட்டையாக இருக்கலாம். அதற்காக அவளை விசாரித்த அன்று, அந்த வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் ஒரு பாடம் படித்திருக்கும்: பெரியவர்களைப் பற்றி இங்கே பேசக் கூடாது. நாளைக்கே அங்கே யாராவது ஒருவர் தவறாகத் தொட்டால், எந்தப் பிள்ளை எழுந்து சொல்லும்? பத்லாபூருக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு போட்ட ஆணையில், ஒரு மாதத்துக்குள் கேமரா வேண்டும் என்பதோடு பள்ளிதோறும் புகார்ப் பெட்டி வேண்டும் என்பதும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே இருந்தால், அதில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசல், மாடிப்படி, கழிப்பறைக்குப் போகும் நடை, பள்ளி பஸ், ஆள் நடமாட்டம் இல்லாத மூலைகள் — இங்கெல்லாம் கேமரா இருக்கட்டும், நன்றாக வேலை செய்யட்டும். வகுப்பறைக் கேமரா உங்கள் பள்ளி தானாகச் செய்த அத்துமீறலும் இல்லை. 2025 ஜூலையில் சிபிஎஸ்இ தன் விதிகளையே திருத்தி, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், கேன்டீன், மைதானம் எல்லாவற்றிலும் காட்சியும் ஒலியும் பதிவாகும் கேமரா வைக்கச் சொல்லிவிட்டது. கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. பதிவைக் குறைந்தது 15 நாள் வைத்திருக்க வேண்டும், அதிகாரிகள் கேட்டால் தர வேண்டும். இதற்கெல்லாம் காரணமாகச் சொல்லப்பட்டது மாணவர் பாதுகாப்பு. டீச்சரைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று இடைவேளைப் பேச்சைத் தோண்டுவதைப் பாதுகாப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்புக்காக வைத்ததைக் கொண்டு ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பெற்றோரை ஏமாற்றும் காரியம். இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

அடுத்தது பைச் சோதனை. 2022 நவம்பரில் பெங்களூரில் சில பள்ளிகள் இதே மாதிரி மொபைல் தேடிப் பைகளைத் திறந்தன. ஆணுறை, கருத்தடை மாத்திரை, சிகரெட், லைட்டர் எல்லாம் கிடைத்தன. செய்தி நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பிள்ளைகளின் வயதை வைத்து ஊரே பேசியது. அக்கறையோடு தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டிய விஷயம், வேடிக்கைப் பொருளானது. பெங்களூருவரை போக வேண்டாம். நம் தானே மாவட்டத்து ஷாஹாபூரில், 2025 ஜூலையில், கழிப்பறைத் தரையில் ரத்தக் கறை இருந்தது என்பதற்காக மாணவிகளைக் கூட்டி வைத்து, கறையின் படத்தைத் திரையில் காட்டி, யாருக்கு மாதவிடாய் என்று கேட்டு, இல்லை என்று சொன்ன சிறுமிகளின் உடையைக் களையச் செய்து பார்த்தார்கள். தலைமையாசிரியை போக்ஸோ சட்டத்தில் கைதானார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த அதே சட்டம், பள்ளியின் மேல் பாய வேண்டியதாயிற்று. "சோதனைதானே" என்று தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதை உங்கள் கணவருக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் புரிய வையுங்கள்.

என் பள்ளி நாள் ஒன்றையும் சொல்ல வேண்டும். தாராவியில் படித்தேன். ஒரு நாள் ஓர் ஆசிரியரின் கைக்கடிகாரம் காணாமல் போனது. பெஞ்சு பெஞ்சாகச் சோதித்தார்கள் என்றால் பரவாயில்லை. தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப் பக்கமிருந்து வரும் ஏழெட்டுப் பையன்களை மட்டும் எழுப்பி நிறுத்தினார்கள். என் பக்கத்தில் உட்காரும் பையனின் கால்சட்டைப் பையிலிருந்து, தங்கைக்காக மடித்து வைத்திருந்த பாதிச் சப்பாத்தி விழுந்தது. கடிகாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவன் அடுத்த நாளிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். சோதனை என்று ஒன்று வந்தால் கை முதலில் யாருடைய பைக்குப் போகும் என்பதை அன்று பார்த்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியில் எனக்கு இவ்வளவு கோபம்.

படிவத்தில் போட்ட கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சீட் கிடைக்குமா என்ற பதற்றத்தில், மறுக்க வழியில்லாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. 2019-ல் ஸ்வீடனில் ஒரு நகராட்சிப் பள்ளி, 22 மாணவர்களுக்கு முக அடையாளம் வைத்து வருகைப்பதிவு எடுத்துப் பார்த்தது. பெற்றோரிடம் சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றது. மாணவர் பள்ளியை நம்பி இருக்கும் நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்று அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு லட்சம் குரோனா அபராதம் போட்டது. இங்கேயும் சட்டம் வெறுங்கையோடு இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமென்றால் சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். தனியார் பள்ளியை அளக்கவும் இதே அளவுகோல் பொருந்தும் என்பது என் கருத்து. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவோ இன்னும் நேரடியானது: பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்; வாய்ப் பேச்சு வேண்டாம். பதிவை யார் யார் பார்க்கிறார்கள், பார்த்தால் அது எங்கேயாவது எழுதி வைக்கப்படுகிறதா, உங்கள் மகளின் பேச்சை அன்று கேட்டவர் யார், யார் அனுமதித்தது? கேமரா பதிவை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பையைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், குறிப்பிட்ட சந்தேகம் இருக்கும் பிள்ளையின் பையை மட்டும், தனி அறையில், பெண் ஆசிரியர்கள் இருவர் முன்னிலையில், பெற்றோருக்குச் சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். மாதம் இரண்டு முறை எல்லோருடைய பையையும் தரையில் கொட்டுவது நிற்க வேண்டும். அப்புறம், வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்த ஆட்கள் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூட்டத்துக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய பயத்துக்கு வேலை இருக்கும் இடம் அதுதான். போவதற்கு முன், இரண்டு பேருமாக மகளோடு ஒரு மாலை உட்காருங்கள். உன் பள்ளியில் உனக்குப் பயமாக இருக்கும் இடம் எது என்று கேளுங்கள். எந்த மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை, எந்தக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் எத்தனை மாதமாக உடைந்து கிடக்கிறது, யாரோடு தனியாக நிற்கப் பிடிக்காது என்பதெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவள் சொல்வதை எழுதிக்கொண்டு போங்கள். யார் சொன்னது என்று பள்ளி கேட்டால், பெயரைச் சொல்லாதீர்கள்.