கற்பனை போதுமா?

கேள்வி: "அறிவைவிடக் கற்பனை முக்கியம்" என்று ஐன்ஸ்டைன் சொன்னதைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, என் மகன் கணக்குப் புத்தகத்தையே தொடுவதில்லை. கற்பனைதான் புத்திசாலித்தனத்தின் அடையாளமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: சொன்னது உண்மைதான், 1929-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில். ஆனால் அவர் பட்ட பாட்டையும் மகனிடம் சொல்லுங்கள், அம்மா. 1907-ல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, கீழே விழுகிறவனுக்குத் தன் எடையே தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. அபாரமான கற்பனை! அது பொதுச் சார்பியல் என்ற ஈர்ப்புக் கொள்கையின் சமன்பாடாக முழுமை பெற்றது 1915 நவம்பரில்தான். இடையில், ஈர்ப்பை வெளியின் வளைவாகச் சொல்லத் தேவையான கணிதம் கைவசம் இல்லாமல் தவித்து, 1912-ல் ஜூரிச்சில் கல்லூரித் தோழர் மார்செல் கிராஸ்மனிடம் உதவி கேட்டார். ஜெர்மன் கணித மேதை ரீமன் 1854-லேயே முன்வைத்த வளைவு வடிவியலை எடுத்துக் காட்டியவர் கிராஸ்மன்தான். (மாணவராக வகுப்புக்கு மட்டம் போட்ட ஐன்ஸ்டைனைத் தேர்வில் காப்பாற்றியதும் இவருடைய நோட்டுகளே.) நுட்பமான கணிதத்தை வெறும் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேனே என்று அந்த ஆண்டே ஒரு கடிதத்தில் வருந்தினார்.

நான் இயற்பியல் வாத்தியார். "லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே எடை மெஷின் என்ன காட்டும் சார்?" என்று கேட்கிற பிள்ளையைத்தான் புத்திசாலி என்பேன். உங்கள் மகனிடம் அதையே கேளுங்கள். பதில் சொன்னால் சரி, அப்புறம் நியூட்டன் விதியை வைத்துக் கணக்காகவும் போடச் சொல்லுங்கள்.