வாசகர் கேள்வி: சொக்கத் தங்கமும் செவ்வாய்க்கிழமையும்

கே: பைசாந்தியப் பேரரசு, கிழக்கு ரோமப் பேரரசு: இரண்டும் ஒன்றா, வேறுவேறா? (வாசகர், அண்ணா நகர்)

ஒன்றுதான். ஆனால் அந்த ஊர்க்காரரிடம் போய் ‘நீங்கள் பைசாந்தியரா?’ என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். பேசியது கிரேக்கம், கும்பிட்டது கிறிஸ்துவை, தங்களைச் சொல்லிக்கொண்டது ரோமர் என்று. பைசாந்தியம் என்பது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகரை எழுப்பிய இடத்திலிருந்த பழைய ஊரின் பெயர். 330 மே 11 அன்று அந்தத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் ஆனது. பேரரசுக்கே அந்தப் பழைய பெயரை ஒட்டவைத்தவர்கள் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள். அதற்குள் பேரரசு போய் நூறு வருஷம் ஆகிவிட்டது.

கே: ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த அரசு சரியத் தொடங்கியது எப்போது? மன்சிகர்ட் போரில்தானா? (வாசகர், தி.நகர்)

தி.நகர்க்காரரே இதைக் கேட்டது பொருத்தம். போரை விடுங்கள், தங்கத்தைப் பாருங்கள்.

கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் என்ற பொற்காசு, ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்துக்கு 72 வீதம் அடிக்கப்பட்டது. ஒன்றின் எடை சுமார் 4.5 கிராம், நம் கணக்கில் அரைச் சவரனுக்குக் கொஞ்சம் மேலே. மாற்று ஏறக்குறைய 24 கேரட். காசின் அடியில் ‘கோன்-ஓப்’ (CONOB) என்று ஐந்து எழுத்துப் பொறித்திருக்கும். ‘கோன்’ தலைநகரின் பெயர். ‘ஓப்’ என்றால் புடம்போட்ட தங்கம். கிரேக்க எண்முறையில் அதுவே 72. இன்றைய ஹால்மார்க் முத்திரைக்கு மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

முத்திரை மட்டும் தரத்தைக் காப்பாற்றாது. 4ஆம் நூற்றாண்டிலேயே, வரியாக வந்த காசை உருக்கிப் புடம்போட்டுப் பாளமாக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பாளத்திலிருந்து புதுக்காசு அடித்துப் படைக்கும் அதிகாரிகளுக்கும் சம்பளம். அவர்கள் செலவழித்தது சந்தைக்குப் போய், மறுபடி வரியாகக் கஜானாவுக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் கலப்படம் களையப்பட்டதால், சுமார் 700 வருஷம் அந்தக் காசை யாரும் உரைகல்லில் தேய்க்கத் தேவைப்படவில்லை.

1034இல் பட்டத்துக்கு வந்த நான்காம் மைக்கேல் காலத்தில் மாற்று குறையத் தொடங்கியது. பின்னால் வந்த ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் 18 கேரட்டுக்கு இறக்கினார். அப்போது பெரும் போர்த் தோல்வி எதுவும் இல்லை. வரவுக்கு மேல் செலவு, அவ்வளவே. அதற்கப்புறம்தான் 1071 மன்சிகர்ட்: பேரரசர் ரோமானோஸ் துருக்கியரிடம் சிறைப்பட்டார். சுல்தான் அவரை விட்டுவிட்டார், சொந்த ஊர்க்காரர்கள் கண்ணைப் பிடுங்கினார்கள். அந்த உள்நாட்டுச் சண்டையில்தான் ஆசியா மைனரின் பெரும்பகுதி, அதாவது வரியும் படையாளும் தந்த மண், கைவிட்டுப் போனது. அடுத்த அரசர் ஏழாம் மைக்கேலுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘கால் குறைச்சல்’! ஒரு பொற்காசுக்குக் கிடைத்த கோதுமையில் கால் பங்கு குறைந்துபோனதாம். 1081க்குள் மாற்று 8 கேரட். இன்றைய நகைக்கடையில் அதைத் தங்கம் என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

1092இல் பேரரசர் அலெக்சியோஸ் 20.5 கேரட்டில் புதுக்காசு அடித்து நிலைமையைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் கடற்படை உதவிக்காக வெனிஸ் வணிகருக்கு 10 சதவீதச் சுங்கத்தை அடியோடு தள்ளுபடி செய்தவரும் அவரே. உள்ளூர் வியாபாரி சுங்கம் கட்ட, அயலூர்க்காரர் கட்டாமல் விற்றால் கடை யாருக்கு ஓடும்? 1204இல் அதே வெனிஸ் கப்பல்களில் வந்த சிலுவைப் போராளிகள் தலைநகரைச் சூறையாடினார்கள். 1261இல் பைசாந்தியர் நகரை மீட்டார்கள், ஆனால் காசு 15 கேரட்டுக்கு வந்திருந்தது. 1343இல் மணிமகுட நகைகள் 30,000 டுகாட்டுக்கு (வெனிஸின் பொற்காசு) வெனிஸில் அடகு போயின. மீட்கவே இல்லை. 1347 முடிசூட்டு விழாவில் மின்னியது கண்ணாடிக் கல். அடுத்த சில வருஷங்களில் பொற்காசு அடிப்பதே நின்றது.

கே: அவ்வளவு பலமான கோட்டைச் சுவரை 1453இல் எப்படி உடைத்தார்கள்? (வாசகர், பெரம்பூர்)

கான்ஸ்டான்டிநோபிளின் தரைப்பக்கச் சுவர் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். முதலில் சுமார் 20 மீட்டர் அகல அகழி, அடுத்து வெளிச்சுவர், பிறகு 12 மீட்டர் உயரமும் 5 மீட்டர் கனமும் கொண்ட உட்சுவர், அதில் 96 கோபுரம். ஏணிக்கும் கவண்கல்லுக்கும் கணக்குப் போட்டுக் கட்டியது. முற்றுகையிட்ட ஒட்டோமான் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் கொண்டுவந்ததோ, ஓர்பன் என்பவர் வார்த்த பீரங்கி. குண்டு 500 கிலோவுக்கு மேல். சுட்டபின் குழாய் கொதிக்கும், அவசரப்பட்டால் வெடிக்கும் என்பதால் நாளைக்கு ஏழெட்டுக் குண்டுதான்.

காவலர்கள் ராவோடு ராவாக மரக்கட்டை, மண் நிரப்பிய பீப்பாய் கொண்டு ஓட்டையை அடைத்தார்கள். அது கல்லைவிட நன்றாகத் தாங்கியது: கல் நொறுங்கும், மண் அதிர்ச்சியை உள்வாங்கும். பற்றாக்குறை ஆளில்தான். நகரின் மொத்தச் சுற்றுமதிலுக்கும் சேர்த்துச் சுமார் 7,000 பேர். எதிரில் அதைப்போலப் பல மடங்கு படை. கடைசி நாள் விடியலில் ஜெனோவாத் தளபதி ஜுஸ்தினியானி காயம்பட்டு விலக, அந்த இடத்தில் வரிசை குலைந்தது.

கே: அந்தப் பைசாந்தியப் பொற்காசு நம் பக்கம் வந்ததுண்டா? (வாசகர், எழும்பூர்)

தென்னிந்தியாவில் கிடைத்திருக்கிறது. பல காசுகளில் அரசர் தலைக்கு மேலே இரண்டு துளை! இங்கே கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். முகம் நேராகத் தொங்க ஒரு துளை போதாது. பழைய ரோமானியக் காசுகளைப் பார்க்க உங்களுக்கு நடக்கிற தூரம்தான், அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு.

கே: ‘செவ்வாயோ வெறும் வாயோ’ என்று பாட்டி எதையும் தொடங்க விடுவதில்லை. வேறு நாட்டிலும் இப்படி உண்டா? (வாசகி, திருவல்லிக்கேணி)

கிரேக்கர்களுக்கும் செவ்வாய் ஆகாது. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த 1453 மே 29, செவ்வாய். சிலுவைப் போராளிகள் புகுந்து கொள்ளையடித்த 1204 ஏப்ரல் 13, அதுவும் செவ்வாய். பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்.