கரண்டில் பீர் காய்ச்சும் அண்டாவை வீட்டிலேயே செய்ய முடியுமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். கேஸ் அடுப்பு இல்லாமல் முழுக்க மின்சாரத்திலேயே பீர் காய்ச்சும் அமைப்பை வீட்டில் செய்துகொள்ள முடியுமா? என்னென்ன வேண்டும்?

அண்டாவைச் செய்யலாம். ஆனால் கோவையில் அதில் பீர் காய்ச்சக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, சொந்தத்துக்குக் குடிப்பதற்கு என்றாலும், குற்றம்தான். ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததே நம் கொங்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. பீரைக் கடையில் வாங்கலாம் என்பதால் வீட்டில் காய்ச்சவும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

வெளிநாடுகளில் கதை வேறு. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுக்கென்று பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் சட்டம் திருத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் விற்காத வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். சாராயம் வடிப்பதுதான் அங்கே குற்றம். நான் மெல்போர்னில் வேலை பார்த்தபோது மச்சானும் நானும் சேர்ந்து அவர் வீட்டு கராஜில் ஓர் அண்டா செய்தோம். இப்போது கோவை கணபதியில் மின்சாரப் பேனல் போர்டு வேலை செய்கிறேன். அதே மாதிரி ஒன்றை இங்கேயும் செய்து, ராகி மால்ட்டுக்கும் பால் காய்ச்சவும் வைத்திருக்கிறேன். அதனால் அமைப்பைப் பற்றி முழுதாகவே சொல்கிறேன். நீங்கள் வெளிநாடு போனாலும் உதவும், இங்கே வேறு வேலைக்கும் உதவும்.

பீர் காய்ச்சுவதில் அண்டாவுக்கு இரண்டே வேலைதான். உடைத்த பார்லி மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். முளைகட்டிய தானியத்தில் இருக்கும் நொதிகள் அந்தச் சூட்டில்தான் மாவைச் சர்க்கரையாக்கும். 62, 63 பக்கம் இறங்கினால் பீர் சப்பென்று மெலிந்துவிடும், 70ஐ நெருங்கினால் கனத்து நிற்கும். 80 தாண்டினால் நொதிகள் செத்தே போகும். அப்புறம் சக்கையை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) போட்டு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். முழுதாக மூடி போடக் கூடாது. வேண்டாத வாசனைகள் ஆவியோடு வெளியே போக வேண்டும். மிச்சம் இருக்கும் ஆறவைத்தல், ஈஸ்ட் சேர்த்தல், நொதிக்கவிடுதல் எதுவும் இந்த அண்டாவின் வேலை இல்லை.

முதல் வேலைக்குச் சூடு இரண்டு டிகிரிகூட அசையாமல் நிற்க வேண்டும். இரண்டாவதற்கு நல்ல பலம் வேண்டும். கேஸில் இரண்டாவது சுலபம், முதலாவதற்கு அடுப்புக்கிட்டவே நிற்க வேண்டும். கரண்டில் இரண்டும் நடக்கும்.

எவ்வளவு பலம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 20 லிட்டர் பீருக்குத் தொடக்கத்தில் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதை 25 டிகிரியில் இருந்து 67க்குக் கொண்டுவர 3 கிலோவாட் எலிமென்டுக்கு (சூடேற்றும் குழாய்) ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், அங்கிருந்து கொதி வர இன்னொரு 25 நிமிடம். ஆஸ்திரேலிய வீடுகளில் சாதாரண சாக்கெட் 10 ஆம்பியர்தான், அதனால் அங்கே 2.4 கிலோவாட்டோடு நின்றுகொண்டோம். இங்கே கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட் 3 கிலோவாட்டைத் தாங்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகவே கூடாது. வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெயின் போர்டில் இருந்து தூரம் என்றால் 4 போடுங்கள். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், முழு வேலைக்கும் 5 யூனிட் பக்கம்தான்.

நம் ஊரில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோட்டத்துப் பக்கம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜ் 200க்கு இறங்கும். எலிமென்டின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் கொடுப்பது 200இல் 2.3 பக்கம்தான் கொடுக்கும். கொதி வரவில்லை என்று எலிமென்டைக் குறை சொல்வதற்கு முன்னால் வோல்டேஜைப் பாருங்கள்.

அண்டா 304 கிரேடு எவர்சில்வர், 50 லிட்டர். பக்கவாட்டில் அடியை ஒட்டி எலிமென்டுக்கு ஒரு துளை, வடிக்க ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ball valve), சூடு அளக்கும் சென்சாரைப் பொருத்த மரை போட்ட ஒரு துளை. இந்த வெல்டிங்கை டிக் (TIG) வெல்டிங், அதாவது ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் அடிக்கும் வெல்டிங், தெரிந்த பட்டறையில் கொடுங்கள். உள்பக்கம் கருத்துப் போகாமல் இருக்க ஆர்கானைப் பின்பக்கமும் விட்டு அடிக்கச் சொல்லுங்கள், கருத்த இடம் பின்னாளில் துருப்பிடிக்கும். நான் கொடுத்த பட்டறைக்காரர், "ஏனுங்க, பால் காய்ச்சறதுக்குங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றதும், உள்பக்க வெல்டிங்கைத் தானாகவே வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார், பாலாடை ஒட்டுமே என்று. மால்ட் சாற்றுக்கும் அதேதான், மேடு பள்ளம் இருந்தால் கழுவவே முடியாது.

குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும் இம்மர்ஷன் ராடைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அதில் குட்டைக் குழாயில் பெரிய பலத்தை அடைத்திருப்பார்கள். வெறும் தண்ணீருக்கு அது போதும். சர்க்கரைச் சாறு என்றால் குழாய்மேல் அடிப்பிடித்து, அந்தத் தீய்ந்த வாசனை கடைசிவரை போகாது. நீளக் குழாயை மடித்துச் செய்த எவர்சில்வர் எலிமென்டைக் கேட்டு வாங்குங்கள். அதே 3 கிலோவாட் நீளமான பரப்பில் பரவும்போது அடிப்பிடிக்காது. கோவையில் எலிமென்ட் செய்து தரும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அளவு சொன்னால் மடித்துத் தருவார்கள். எலிமென்ட் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். மால்ட்டைப் போட்டு ஊறவைக்கும் துணிப் பை எலிமென்டின்மேல் படாமல் இருக்க, துளை போட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கால் வைத்து நடுவில் போடுங்கள்.

கன்ட்ரோல் பெட்டிதான் என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். சூட்டைப் பிடித்து நிறுத்த ஒரு பிஐடி கன்ட்ரோலர் (வைத்த சூட்டில் நிற்கும்படி பலத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), சூட்டை அளக்கும் பிடி 100 சென்சார், 40 ஆம்பியர் சாலிட் ஸ்டேட் ரிலே (கன்ட்ரோலர் சொன்னபடி எலிமென்டை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்), அதன் சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட் சிங்க். ரிலே 13 ஆம்பியர் ஓடும்போது நன்றாகச் சுடும், ஹீட் சிங்க் இல்லாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தால் வெந்துபோகும். இந்த ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் அணை என்று சொன்னாலும் எலிமென்ட் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் ரிலேக்கு முன்னால் கரண்டையே துண்டிக்கும் ஒரு கான்டாக்டரும், அதை அணைக்கக் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பட்டனும் கட்டாயம். பம்ப்செட் ஸ்டார்டரில் பார்த்த அதே கான்டாக்டர்தான், விலையும் பெரிதில்லை. இதை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

ஊறவைக்கும்போது பிஐடி முறையில் விடுங்கள். கொதிக்கவைக்கும்போது மேனுவலுக்கு மாற்றி, 70, 80 சதவீதம் என்று பலத்தைக் கையால் வைத்துவிடுங்கள். 100 டிகிரியை இலக்காக வைத்தால் கன்ட்ரோலர் தடுமாறும், கொதித்த பிறகு சூடு அதற்குமேல் ஏறாதே. ஊறும் மால்ட்டின் அடியிலும் மேலும் சூடு வேறுபடும். அதைச் சமப்படுத்த ஒரு சிறிய மேக்னெட்டிக் பம்ப் வைத்துச் சாற்றை அடியில் இருந்து எடுத்து மேலே ஊற்ற வேண்டும். பம்புக்குப் பேர்போன ஊர்தான் நம்முடையது, ஆனால் வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் பம்ப் இதற்கு ஆகாது. உணவுக்குத் தகுந்ததாகவும் கொதிநீரைத் தாங்குவதாகவும் பார்த்து வாங்குங்கள்.

இத்தனைக்கும் மேலே இரண்டு விஷயம்: எர்த், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச்). ஈரத் தரை, ஈரக் கை, எவர்சில்வர் பாத்திரம், உள்ளே 230 வோல்ட். எம்சிபி (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) வயரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான் ஆளைக் காப்பாற்றும். அண்டா, பெட்டி, பம்ப் மூன்றின் உடம்பையும் தனித்தனியாக எர்த்தில் கட்டுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி என்றால் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றிவையுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஐந்து வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே அண்டாவை இணைக்க வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். சிறுவாணி வந்தால் யோகம், உப்பு குறைந்த மென்நீர். போர் தண்ணீரின் கடினம் மால்ட் ஊறலைக் கெடுக்கும், எலிமென்டிலும் வெள்ளையாகப் படியும். பிளீச்சிங் வாசனை இருந்தால் முந்தின இரவே திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்துவிடுங்கள்.

சரி, இங்கே இதை வைத்து என்ன செய்வது? சாதா ராகி மாவைக் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவைக் கலந்து அந்தச் சூட்டிலேயே நிறுத்துங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழாமல் இருந்த கஞ்சி, கொஞ்ச நேரத்தில் கரண்டியில் இருந்து நூலாக ஒழுகும். சர்க்கரை போடாமலே இனிக்கும். பீருக்கு மால்ட் ஊறும்போது நடப்பதும் இதேதான், ஈஸ்ட் மட்டும் இல்லை. எங்கள் அம்மாயி குழந்தைகளுக்குக் கைச்சூடு பார்த்தே இதைச் செய்வார். பால் என்றால் 63 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தினால் பாஸ்ச்சுரைசேஷன் ஆகிவிடும், ஆடை கட்டாமல் இருக்க மெதுவாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். பிளக் டாப் கை வைக்க முடியாத அளவு சுட்டால் அதை மாற்றுங்கள். நாள் கழித்து எடுக்கும்போது ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்தால், எலிமென்டுக்குள் இருக்கும் பொடி ஈரம் இழுத்திருக்கலாம். ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்து ஓட்டாதீர்கள். மோட்டார் காயில் கட்டுபவரிடம் மெகர், அதாவது கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மீட்டர், இருக்கும். எலிமென்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெயிலிலோ லேசான சூட்டிலோ காயவைத்துத் திரும்பப் பார்த்து, அப்போதும் ரீடிங் ஏறவில்லை என்றால் புது எலிமென்ட் போடுங்கள்.